பீடத்து மெழுகுவர்த்தி

அது தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா, வெளியே மழையா, வெயிலா, ரூபனுக்கு உறுதியாகச் சொல்ல வராது. டிவி வெளிச்சம் மட்டும் நினைவில் அப்படியே நிற்கிறது.

சரவணம்பட்டியில் காளிச்சாமியின் வீடியோ கேம் கடை, மதியம். திரையில், இருண்ட கோட்டைக்குள் இருக்கும் ஒரு தேவாலயத்தில் சவுக்கு ஏந்திய வீரன் நிற்கிறான். எலும்புக்கூடுகள் நெருங்குகின்றன. இன்னும் ஓர் அடி விழுந்தால் செத்துவிடுவான். "பாட்டு அருமைங்க. ஆனா குதிச்சா நடுவுல திரும்ப முடியறதில்ல, கெணத்துல உழுந்தாப்பல," என்கிறார் காளிச்சாமி. "அதுதானுங்க கேமே. பயந்து பயந்து குதிக்கோணும்," என்கிறான் ரூபனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் வம்சி. பீடத்தின் மேல் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. அதை உடைத்தால் உயிர் கிடைக்கும். ரூபனின் கட்டைவிரல் பொத்தானின் மேல் அசையாமல் இருக்கிறது. காலையில் சர்ச்சில் சொட்டிய மெழுகு இன்னும் விரலில் ஒட்டியிருக்கிறது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போயிருக்கும் அக்காவுக்காக ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி. "அடிடா, செத்துப்போவே. ஏன்டா, உங்க பாதர் பாத்துட்டிருக்காரா?" வம்சி சிரிக்கிறான். மேசை விசிறி ரூபன் பக்கம் திரும்பி, நின்று, மறுபடி போகிறது. வம்சி எட்டி, அவன் விரலோடு சேர்த்துப் பொத்தானை அழுத்துகிறான். சவுக்கு சொடுக்குகிறது. சுடர் சிதறி, சிவப்பாய் ஓர் இதயம் தரையில் விழுகிறது. "பாத்தியா, பொழச்சுட்டே."

அக்கா வீடு திரும்பினாள், குழந்தை வரவில்லை. காளிச்சாமி கடையை மூடிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் போட்டார். வம்சி அப்பாவின் மில்லைப் பார்த்துக்கொள்கிறான். அந்த விரலில் என்ன ஒட்டியிருந்தது என்று ரூபன் அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.