வாத்தியாரின் பெயர்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளே, அமெரிக்காவில், எங்கள் கரோலினாவில் ஒரு பெயர் செய்த வேலையைச் சொல்கிறேன்.

அடிமைத்தனம் ஒழிந்து மூன்று வருஷம். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களுக்கு, மாலையில் பஞ்சுக் கொட்டகையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் அமோஸ் பெட்டிஸ். அறுவடை முடிந்ததும் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பண்ணைக்காரர். வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, அவரிடம் படித்த வயலாள் ஜூபா அடம்பிடித்தார்.

"பாடம் கிடக்கட்டும் வாத்தியாரே. உங்க பேரை எழுதக் கத்துக்கொடுங்க."

"முதல்ல உங்க பேரை ஒழுங்கா எழுதுங்க அண்ணே!"

"என் பேரை வெச்சு என்ன பண்ண? என் பெண்டாட்டியே அதைச் சொல்லிக் கூப்பிடறதில்ல."

கொட்டகையே சிரித்தது. பிறகு எல்லாரும் அதையே கேட்டார்கள். பிரியப்போகிறோம், ஞாபகத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதிக் காட்டினார் வாத்தியார்.

விடுதலையான ஆண்களுக்கும் ஓட்டு உள்ள சட்டசபைத் தேர்தல் வந்தது. பிடித்தவர் யாரானாலும் அவர் பெயரைச் சீட்டில் எழுதிப் போடலாம். பண்ணைக்காரரைத் தவிர யாரும் நிற்கவில்லை. சீட்டுகளை எண்ணிய அதிகாரி வெளியே வந்தார்.

"யாருப்பா இந்த அமோஸ் பெட்டிஸ்? கோழி கிளறின மாதிரி எழுத்துல சீட்டெல்லாம் அவர் பேர்தான். ஜெயிச்சுட்டார்!"

வாத்தியார் திகைத்தார். "அண்ணே, நான் நிக்கவே இல்லையே!"

"சொன்னா வேண்டாம்பீங்க. நாங்களே நிக்க வெச்சுட்டோம்," என்றார் ஜூபா. "சட்டசபைக்குப் போய் நமக்கு ஒரு பள்ளிக்கூடம் வாங்கிட்டு வாங்க. அங்க உக்காந்து என் பேரை எழுதறேன்."

உங்கள் பெயரையும் நாலு பேர் நம்பி எழுதட்டும், கண்ணுகளே.