கதாநாயகனின் மூச்சு

கலங்கரை விளக்கத்தின் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சுற்றிலும் கடல். தீவில் வேறு ஆள் கிடையாது. படிக்கட்டில் ஏதோ ஒன்று ஈரக் காலோடு ஏறி வரும் சத்தம் கேட்டது. முதலாளி சிரித்தார்.

"எல்லாம் பிரமாதம், இந்த மூச்சைத் தவிர" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கடலும் தீவும் எதிரே இருந்த திரைக்குள் போய்விட்டன. அவர் உட்கார்ந்திருந்தது, நான்கு சுவரிலும் பஞ்சு ஒட்டிய ஒலிப்பதிவு அறையில்.

அது அவருடைய கம்பெனி மூன்று வருடமாகச் செய்த திகில் விளையாட்டு. கதாநாயகன் முகமே தெரியாது. ஆடுகிறவரின் கண்தான் அவன் கண். திரையில் இரண்டு கை, காதில் ஒரு மூச்சு, அவ்வளவுதான் அவன். மறுநாள் காலை விளையாட்டை ஒப்படைத்தாக வேண்டும், அந்த மூச்சு மட்டும் இன்னும் அமையவில்லை.

"ஏழு பேரு மூச்சு விட்டாச்சு. ஒருத்தன் மாடி ஏறினவன் மாதிரி விடுறான், ஒருத்தன் சளி பிடிச்சவன் மாதிரி விடுறான். செத்துடுவோம்னு பயந்தவன் மாதிரி எவனாவது விட்டானா?"

"நீங்களே ஒரு தடவை முழுசா ஆடிப் பாருங்க சார்" என்றாள் ஒலிப்பதிவு செய்பவள். "எந்த இடத்துல எப்படி வேணும்னு நீங்க சொல்லச் சொல்லக் குறிச்சுக்கிறேன்."

அவள் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஆபீஸில் அவளுக்கு சவுண்டம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் சத்தமாகப் பேசி ஒருவரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள். போனை வாங்கிக்கொண்டாள். ஏசியை நிறுத்தினாள், விளக்கை அணைத்தாள், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

முதலாளி ஆடினார். படகுத்துறை, பாழடைந்த வீடு, கிணறு என்று தீவைச் சுற்றி வந்து கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறியபோது திரை சட்டென்று இருண்டது. இதுவும் விளையாட்டில் ஒரு பயமுறுத்தல் என்று நினைத்து, "சபாஷ்!" என்றார். இருட்டு விலகவே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து தடவிக்கொண்டே கதவுக்கு வந்தார். பிடிக்கும் இடத்தில் பிடி இல்லை. அப்புறம்தான் நினைவு வந்தது, அதைக் கழற்றச் சொன்னவரே அவர்தான்.

போன மாதம் ஒரு குரல் நடிகன் வந்திருந்தான். நிஜமான பயம் வரட்டும் என்று அவனை இதே இருட்டில் ஒரு மணி நேரம் பூட்டி வைத்தார். பாதியில் ஓடி வந்துவிடக் கூடாதே என்று உள்பக்கப் பிடியையும் கழற்ற வைத்தார். அவன் கதறிக் கதறிக் கடைசியில் நினைவு தப்பி விழுந்தான். இவர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சாப்பிடப் போனார். மனிதருக்கு அன்று பசி அப்படி.

கதவை ஓங்கித் தட்டினார். வெளியே இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் காதிலும் விழவில்லை. விழுந்தாலும் வரமாட்டார்கள், வெளியே சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் தொட்டவனுக்கு அன்றைக்கே சீட்டு கிழியும் என்பது அவர் போட்ட சட்டம்.

கீழே கிடந்த ஹெட்போனில் சவுண்டம்மாவின் குரல் கேட்டது. பாய்ந்து எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், அன்னைக்கு இங்க மயங்கி விழுந்தானே, அவன் என் தம்பி."

"யாரு... அவனா? அம்மா, முதல்ல கதவைத் திற. வெளிய வந்து பேசிக்கலாம்."

"அவன் இப்ப எந்தக் கதவையும் சாத்த விடமாட்டேங்கிறான் சார். குளிக்கப் போனாகூட நான் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். குரலை வச்சுப் பொழைச்சவன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி ஒரு மாசம் ஆச்சு."

"எனக்கு மூச்சு முட்டுதும்மா! என்ன வேணும்னாலும் கேளு, தர்றேன்."

ஹெட்போன் அடங்கிவிட்டது.

அதன் பிறகு அந்த அறையில் இருந்தது அவர் மூச்சு மட்டும்தான். முதலில் தடதடவென்று ஓடியது, பிறகு நெஞ்சுக்குள் விசில் அடித்தது, பிறகு நடுநடுவே நின்று நின்று வந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. இவள் நம்மைக் கொல்லத்தான் போகிறாள் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அப்படியே கதவடியில் சரிந்தார். "தப்புத்தான்மா... உன் தம்பி கால்ல விழுறேன்... நான் மனுஷனே இல்ல... என்னை விட்டுடும்மா..." என்று சின்னக் குழந்தையைப் போல ஏங்கி ஏங்கி அழுதார். எல்லாரையும் அழ வைத்தவர் அழுததைப் பார்க்க யாருக்குமே கொடுத்துவைக்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கதவு திறந்தது.

வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. சவுண்டம்மா காதில் ஹெட்போனோடு நின்றாள், கண்கள் சிவந்திருந்தன. அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"மன்னிச்சுட்டியாம்மா?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, விலகிப் போயிருந்த மைக்கை மறுபடி அவர் வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

"மூச்சு ஓகே சார், மன்னிப்புதான் நடிப்பா இருக்கு, இன்னொரு டேக் போலாம்."