குயிலின் பதிவு

"அநியாயம் ஏஞ்சல்! குயில்னு பேர் வெச்சுக்கினு யாரோ, காசு கட்டி விளம்பரம் பண்ணி ஓட்டெல்லாம் அள்ளிக்கினு போறா."

ஜெரால்ட் பத்தாவது முறையாகக் கைபேசியைப் பார்த்தான். வலைப்பதிவுத் தளத்தின் பரிசுப் பட்டியலில் அவன் கதை இரண்டாவதாகவே நின்றது.

"வுடுங்க," என்றாள் மனைவி.

அவன் விடவில்லை. புகார் அனுப்பினான். மதியத்துக்குள் குயிலின் பதிவை நீக்கிவிட்டார்கள்.

"இப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டு!" என்று துள்ளினான்.

"அவ இன்னா எழுதியிருந்தான்னு படிச்சீங்களா?"

"காசு குடுத்து ஏத்துனத இன்னாத்துக்குப் படிக்கணும்?"

ஏஞ்சல் தன் கைபேசியை நீட்டினாள். குயிலின் பதிவை அனுப்புவதற்கு முன் அவள் எழுதிவைத்த பிரதி அதில் இருந்தது.

'கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் என் கணவர் அழகாகக் கதை எழுதுவார். ஆறு மாதமாகச் சளியில் ரத்தம் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படுகிறார். அவரிடம் பேசிப் புரியவைக்க ஒரு டாக்டர் கிடைப்பாரா?'



"காசு கட்டலன்னா இத யாரு பாத்திருப்பாங்க?" என்றாள் ஏஞ்சல். "இன்னிக்குத்தான் அதுக்குக் கீழ ஒரு டாக்டர் தன் நம்பர் போட்டிருந்தாரு. குறிச்சுக்கறதுக்குள்ள பதிவையே தூக்கிட்டாங்க."