தம்பியின் புது முட்டி

மூன்று மாடிப் படியையும் கைப்பிடியைத் தொடாமல் ஏறி வந்த தம்பி, வாசலில் நின்றபடியே வலது காலைத் தூக்கி, மடக்கி, நீட்டிக் காட்டினான். "காதை வச்சுக் கேளுக்கா. ஒரு கடக், ஒரு மொடக்? ஏதாவது கேக்குதா?"

கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அதே முட்டியோடு அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு 'அம்மா, அப்பா' என்று ஏறி வந்தது அக்காவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டுபவள். மேசை முன்னால் இருபத்தோரு வருஷம் நின்றதில் இடது முட்டியின் ஜவ்வு முழுக்கத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பிடித்துக் காட்டியிருந்தார். மாற்று மூட்டு வைப்பது ஒன்றுதான் வழியாம். எட்டு மாதம் காத்திருந்து, வருகிற வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்திருந்தது.

ஆலையில் நான்கு மாதம் விடுப்புக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு காலில் நின்றால் வெட்டு மேசை அவளுக்கு, இல்லையென்றால் அடுத்தவளுக்கு.

"வியாழக்கிழமை வேணாம். போன் போட்டுச் சொல்லிடு," என்றான் தம்பி, உட்காருவதற்கு முன்பே.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது தன் பக்கத்து பிரேக்கை மிதித்தே பழகியவன். வீட்டிலும் அதே பழக்கம்தான்.

"என்னைப் பாரு. ஸ்டெம் செல்! நம்ம உடம்புலேர்ந்தே எடுத்து நம்ம உடம்புக்கே. போனேன், மயக்கம் குடுத்தாங்க, முழிச்சேன், சாயங்காலம் வீட்டுல இருந்தேன். ஆறே வாரம். ஜவ்வு புல்லு மாதிரி முளைச்சிடுச்சு. நீ என்னடான்னா முட்டியை அறுத்துட்டு இரும்பை வைக்கச் சொல்றே."

"முளைச்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரா?"

"அவரு என்ன சொல்றது? கால் என்னோடது. அன்னைக்கும் என்னமோ விளக்க ஆரம்பிச்சார். 'எல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன், ஆக வேண்டியதைப் பாருங்க'ன்னுட்டேன். மனுஷன் அசந்து போயிட்டார்."

பின்னாலேயே மெதுவாகப் படியேறி வந்த தம்பி மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே வாயைத் திறந்தாள். "அண்ணி, அன்னைக்கு இவருக்கு இடுப்புலதான் கட்டுப் போட்டிருந்தாங்க. எனக்கு அதுதான்..."

"இடுப்பெலும்புலேர்ந்துதான் செல்லை எடுப்பாங்க! உனக்கு எத்தனை தடவை பாடம் நடத்துறது?" தம்பி பிரேக்கை மிதித்தான். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள்.

அக்கா இழுத்தாள். "எனக்கு முழுக்கத் தேஞ்சு போச்சாம்டா. இந்த நிலைமைக்கு செல் எல்லாம் சரிப்படாதுன்னு எங்க டாக்டர்..."

"இரும்பு வைக்கிறவர் வேற என்ன சொல்வார்?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று தோப்புக்கரணம் போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினான். கீழ் வீட்டுக்காரர் மேலே என்ன இடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருப்பார்.

பத்தாவது தோப்புக்கரணத்தில் அக்காவின் மனசு சாய்ந்தது. ஆபரேஷன் கத்தி என்றாலே அவளுக்குப் பயம். இந்த எட்டு மாதத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. கத்தி இல்லாமலே நடக்கலாம் என்று கூடப் பிறந்தவனே குனிந்து நிமிர்ந்து காட்டும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

அவள் தலையாட்டியதுதான் தாமதம், தம்பி தன் போனிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் நீட்டினான்.

"வியாழக்கிழமை ஆபரேஷன்... வேண்டாங்க," என்றாள் அக்கா. பெயரையும் சீட்டு எண்ணையும் சொன்னாள்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? வேண்டாம்னா இப்பவே அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வேணும்னா மறுபடி வரிசையில கடைசியிலேர்ந்துதான் வரணும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்து, "குடுங்க, தாராளமா குடுங்க," என்றான்.

மறுமுனையில் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "குடுத்தாச்சு," என்றது குரல்.

தம்பி நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, முட்டியைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தான்.

"நாளைக்கே உன்னை எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அடுத்த மாசம் நீ இந்தப் படியில ஓடுறியா இல்லையான்னு பாரு. அங்க என் பேரைச் சொன்னாலே போதும்..."

அவன் முடிப்பதற்குள் போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது.

"ஆயுசு நூறு! எங்க டாக்டரோட கிளினிக்தான். முட்டி எப்படி இருக்குன்னு விசாரிக்கக் கூப்பிடுறாங்க. நீயே உன் காதால கேளு," என்று மறுபடியும் ஸ்பீக்கரைப் போட்டான்.

"சார், உங்ககிட்ட எடுத்த செல்லை லேப்ல வளர்த்து முடிச்சாச்சு. முட்டியில ஊசி போட்டுக்க எப்ப வர்றீங்க?"