வாசலில் முளைத்த சாமி

"இது வீடு இல்லய்யா, கோயில்! செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க!"

கருத்தம்மா போட்ட அதட்டலில் வந்தவர் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். தலைப்பாகை, பொத்தான் வைத்த கோட்டு, கக்கத்தில் ஒரு தடித்த நோட்டு. ஆபீஸ் ஆள் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான்.

"தாயி, நான் எதுக்கு வந்திருக்கேன்னா..."

"எதுக்குன்னு தெரியும். தமுக்கு அடிச்ச அன்னைக்கே தெரியும்."

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தத் தெரு நெடுகத் தமுக்கு அடித்திருந்தார்கள். தெருவுக்குச் சரளை போட்டு, கல் உருளை ஓட்டப் போகிறார்களாம். செலவு வீட்டுக்காரர்கள் தலையில். வாசல் பக்கம் எத்தனை கஜமோ, கஜத்துக்கு எட்டணா. கோயிலுக்கு மட்டும் கிடையாது.

கருத்தம்மாவின் மாமனார் வீடு கட்டத் தெரியாமல் கட்டிவிட்டுப் போன மனுஷர். உள்ளே காலை நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கும். தெருப் பக்கமோ பன்னிரண்டு கஜம். ஆறு ரூபாய்! மகள் முத்துப்பேச்சி தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அதற்கென்று பால் விற்றுப் பானையில் சேர்த்து வைத்திருந்ததும் அதே ஆறு ரூபாய்தான். அதை எடுத்துத் தெருவில் கொட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஆகவே, தமுக்கு அடித்த மூன்றாம் நாள் வாசலில் சாமி முளைத்துவிட்டது.

லட்சணமாக ஒரு கல் பார்த்துக் கொண்டுவரச் சொன்னது அவள்தான். கொண்டுவந்தது புருஷன் சிவனாண்டி. இடுப்பு உயரம், தலை வளைந்து, அப்படி ஒரு கல். விடிவதற்குள் அவனே உச்சி முதல் அடி வரை மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலையும் போட்டுவிட்டான். நம்ம மனுஷனுக்கு இம்புட்டு பக்தியா என்று அவளுக்கே ஆச்சரியம்.

வந்தவர் நோட்டைத் திறந்தார். "எப்ப முளைச்சுது?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலம். பூமியைப் பொளந்துக்கிட்டு வந்துச்சு."

"வியாழக்கிழமை இங்க இல்ல?"

"இல்ல. தெருவே சாட்சி."

அவர் எழுதிக்கொண்டார். "என்ன சாமி?"

"மாடன்" என்றாள் கருத்தம்மா. "கருப்பன்" என்றான் கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்ற சிவனாண்டி. இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன.

கருத்தம்மா அவனை ஒரு முறை முறைத்தாள். "கருப்பமாடன். ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்காவ."

பக்கத்து வீட்டு ஆயிஷா பீவி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி கருத்தம்மா, உங்க சாமியைச் செத்த தள்ளி முளைக்கச் சொல்லேன். எங்க வாசலும் எட்டு கஜம் வருது!"

"நீ சும்மா இரி!"

சிவனாண்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "ஏட்டி, செத்த உள்ள வா. இவிய வந்து..."

"நீரு பேசாம இரும். நான் பேசிக்கிடுதேன்."

"அதில்லட்டி, இவிய..." அவன் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது.

"பாத்தீயளா அய்யா! சாமி இறங்கிருச்சு! ஆபீஸ் ஆளைக் கண்டாலே கருப்பமாடனுக்கு ஆகாது."

வந்தவர் சிவனாண்டியை மேலும் கீழும் பார்த்தார். "இவரு மாட்டுவண்டி ஓட்டுறவருதான?"

"ஆமா. ராஜபாளையத்துக்குப் பருத்தி மூடை ஏத்திட்டுப் போவாரு. வியாழக்கிழமை ராத்திரிகூட வெறும் வண்டியாத்தான் திரும்புனாரு. மாட்டை அவுத்துட்டுப் படுத்தவரு முழிச்சுப் பாத்தா, வாசல்ல சாமி!"

"வெறும் வண்டி" என்று சொல்லிக்கொண்டே எழுதி, அதற்கு அடியில் ஒரு கோடும் போட்டார் அவர். பிறகு நோட்டை மூடினார். "சாமிக்கு நானும் ஒரு செம்பு தண்ணி ஊத்திக்கிடட்டுமா?"

கருத்தம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸே கும்பிட்டுவிட்டால் அப்புறம் எவன் பணம் கேட்பான்? முத்துப்பேச்சி இனிமேல் நிம்மதியாக வந்து பெற்றுக்கொள்ளலாம். ஓடிப்போய்க் குடத்தோடு தண்ணீர் கொண்டுவந்தாள். அதோடு விட்டாளா? தெருவையே கூப்பிட்டாள்.

"எல்லாரும் வந்து பாருங்க! ஆபீஸ் அய்யாவே அபிஷேகம் பண்ணுதாவ!"

சிவனாண்டி உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஒரு செம்பு, இரண்டு செம்பு, மூன்றாவது செம்பு. மஞ்சள் கரைந்து வாசலெல்லாம் ஓடியது. வந்தவர் மாலையை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, குனிந்து, கல்லில் வெட்டியிருந்த எழுத்தை விரலால் துடைத்துத் தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"ராஜபாளையம், நாலு மைல்."

பிறகு செம்பைக் கருத்தம்மாவிடம் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"தெருப் பணம் வாங்குற ஆளு நாளைக்கு வருவாரு, தாயி. நான் ரோட்டு ஓவர்சியர் தவசிமுத்து. வெள்ளிக்கிழமையில இருந்து காணாமப் போன மைல்கல்லைத் தேடிக்கிட்டுத் திரியுறேன். வண்டிக்காரவுக எல்லாருக்கும் என்னைத் தெரியும், உங்க வீட்டுக்காரரு சொல்லலையா?"