முதல் மாத்திரை

“இருமி இருமி விலா ரெண்டும் இத்துப்போச்சு அண்ணாச்சி. குனிய முடியல.”

கத்தியைக் கழுவிக்கொண்டே லிங்கராஜ் சொன்னான். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டிய மாட்டு அறுப்புக்கூடம் அது. தரையில் கிடந்த ரத்தத்தைத் தண்ணீர் பீச்சித் தள்ளிக்கொண்டிருந்த மாடக்கண்ணு நிமிரவில்லை.

“சார் வார நேரம். வாயப் பொத்திக்கிட்டு இருமு. முன்னெல்லாம் மாட்டுக்குத்தான் சீல் வைப்பாக. இப்ப நமக்கும்லா வைக்காக.”

இறைச்சியைத் தொடுகிறவர்கள் எல்லாரும் சளி சோதித்துக் கார்டு வாங்க வேண்டும் என்று புது உத்தரவு. கார்டு இல்லாதவனுக்குக் கத்தி இல்லை. லிங்கராஜுக்கு வேறு வேலை தெரியாது. போன வாரம் ஆளுக்கொரு டப்பி கொடுத்து, விடிந்ததும் வீட்டிலேயே சளி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். டப்பியைத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து, இந்த இருமலோடும் அவன் தைரியமாகத்தான் இருந்தான்.

சுகாதார ஆய்வாளர் ஜெயகிருஷ்ணன் வந்தார். மாடக்கண்ணுவிடம் கார்டை நீட்டினார். லிங்கராஜை மட்டும் தனியே அழைத்தார்.

“காசநோய்னு வந்திருக்கு லிங்கராஜ். நல்லா முத்தியிருக்கு. கத்தியை வச்சிருங்க.”

“வேற யாரோடதும் மாறியிருக்குமோ சார்?”

“டப்பியில உங்க பேருதான் இருக்கு.”

லிங்கராஜ் கத்தியைக் கல்லின்மேல் வைத்தான்.

ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், விட்டால் உயிருக்கே ஆபத்து, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் விடக்கூடாது என்று சொல்லி ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார். முதல் மாத்திரையை இப்போதே போடச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்வதாகச் சொல்லி அட்டையைச் சட்டைப் பையில் வைத்தான்.

வீட்டில் மனைவி மாடத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பி பேச்சிராஜா, குளத்தூர் உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவன், மழைக்கு உப்பளம் மூடியதிலிருந்து இங்கேதான் இருக்கிறான். லிங்கராஜின் மகளை மடியில் வைத்துத் தன் தட்டிலிருந்தே ஊட்டிக்கொண்டிருந்தான்.

“கார்டு வந்துட்டா அத்தான்?” என்றான்.

லிங்கராஜ் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“வராம எங்க போவும்? கல்லு மாதிரி இருக்கேன். என் சளியக் கொண்டு குடுத்தா எந்த டாக்டரு தள்ளுவாரு?”

பேச்சிராஜா சிரித்துக்கொண்டே அடுத்த வாயைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டினான்.

லிங்கராஜ் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நின்றான். மச்சினனுக்குக் கொடுக்க வேண்டிய முதல் மாத்திரை இன்னும் அதற்குள்ளேயே கிடந்தது.