தாரிங்காவின் குட்டைச் சோளம்

ஜூலை முடியப்போகிறது. தாரிங்காவின் வயலில் மக்காச்சோளம் தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்தில் கோஸ்தாவின் வயலிலோ டிராக்டரையே மறைக்கும் உயரம்.

டான்யூப் கரையில் ஒரே மண், ஒரே மழை. விதைதான் வேறு.

இரண்டுமே சோதனை விதை. மாட்டுத் தீவனத்துக்கென்றே புது ரகங்களை உருவாக்கும் வெலிமிர் கொடுத்தது. வெலிமிர், கோஸ்தாவின் அண்ணன்.

போதாதா? பால் நிலையத்தில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள் தாரிங்கா.

“நல்ல விதை தம்பிக்கு, கழிசல் எனக்கு. அப்படித்தானே கோஸ்தா?”

கோஸ்தா பால் கேனை இறக்கி வைத்தான். “மாடு உசரத்தையா திங்குது?”

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் முகத்திலேயே விழிப்பதில்லை அவள்.

புருஷன் போனபிறகு ஐந்து மாடுகள்தான் அவள் வீட்டில் அடுப்பெரிய வைத்தன. செப்டம்பரில் அறுத்து, நறுக்கி, குளிர்காலத் தீவனமாகப் புளிக்கவைக்கும் சைலேஜ் குழியில் அழுத்தி மூடினார்கள். சோதனை விதை போட்ட அதே அளவு நிலத்தில் கோஸ்தாவுக்குப் பதினாறு வண்டி, அவளுக்குப் பதினொன்று. குளிர்காலம் முழுக்கத் தாங்குமா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

நவம்பரில் குழியைத் திறந்தாள். மாடுகள் தொட்டியை நக்கித் துடைத்தன. இரண்டே வாரத்தில் மாட்டுக்கு மூன்று லிட்டர் பால் கூடிவிட்டது. கோஸ்தாவின் மாடுகள் தடித்த தட்டையை ஒதுக்கித் தள்ளுவதாகக் கேள்வி.

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு சட்டி பாலாடையோடு வெலிமிர் வீட்டுக்குப் போனாள்.

“உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் அண்ணே. நல்லதை எனக்குத்தான் கொடுத்திருக்கீங்க.”

வெலிமிர் சட்டியை வாங்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

“நீ தப்பா நினைக்கல, தாரிங்கா. குட்டைதான், ஆனா கதிர் பெருசு, மாட்டுக்குச் சுலபமா செரிக்கும். அதைத் தம்பிக்குத்தான் ஒதுக்கினேன். ரெண்டு மூட்டையையும் அவன்கிட்ட கொடுத்து, மத்ததை உனக்குத் தரச் சொன்னேன். ஆகஸ்ட்ல பயிரை அளக்க வந்தப்பதான், மாத்திக் கொடுத்திருக்கான்னு தெரிஞ்சுது.”

“ஏன் மாத்தினானாம்?”

“நானும் சத்தம் போட்டேன். ‘எனக்கு நாப்பது மாடு, பால் குறைஞ்சாலும் தாங்கும். அவளுக்கு அஞ்சுதான். திட்டினா திட்டிட்டுப் போறா, நீ சொல்லிடாதே’ன்னான்.”